எதில் முப்பத்தேழு?

அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் கண்ணாடிக் குழாயான பியூரெட் 16.95-இல் நின்றது. கூம்புக் குடுவையில், வினை முடிந்ததைக் காட்டும் மெத்தில் ஆரஞ்சின் மஞ்சள் போய்ச் சிவப்பு ஏறிவிட்டது. கணக்குப்படி 20 மி.லி. இறங்கியிருக்க வேண்டும். குடுவையைக் கழுவிவிட்டு மறுபடி செய்தேன். 16.9. மூன்றாவது முறை மறுபடியும் 16.95. கை நடுங்கித் தப்பாகப் பார்த்திருந்தால் மூன்று தடவையும் ஒரே மாதிரி வருமா? அதுதான் வயிற்றைக் கலக்கியது.

1996. மணலியில் ஒரு சின்ன ரசாயனத் தொழிற்சாலையின் சோதனைக்கூடம். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. திருவொற்றியூரிலிருந்து சாத்தாங்காடு வழியாகச் சைக்கிளில் போவேன். இரும்பு லாரிகள் கிளப்பும் புழுதியில் வெள்ளைச் சட்டை போய்ச் சேரும்போது காக்கியாகியிருக்கும். பி.எஸ்சி. வேதியியலில் முதல் வகுப்பு வாங்கியிருந்ததால் உள்ளுக்குள் கொஞ்சம் மிதப்பு உண்டு. அன்று காலை எங்கள் லேப் இன்சார்ஜ், "ஹைட்ரோகுளோரிக் ஒரு நார்மல், அஞ்சு லிட்டர் போட்டு வையிப்பா" என்று சொல்லிவிட்டு ஆலைக்குள் போய்விட்டார். இதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்துக்கொண்டேன்.

நான் போட்ட கணக்கு இது. பாட்டிலில் 37 சதவீதம் என்று அச்சடித்திருக்கிறது. அப்படியானால் 100 மி.லி.யில் 37 கிராம், ஒரு லிட்டரில் 370 கிராம். மூலக்கூறு எடை 36.5. 370-ஐ 36.5-ஆல் வகுத்தால் 10.14. மூலக்கூறு எடை அளவு கிராம் ஒரு மோல், லிட்டருக்கு எத்தனை மோலோ அத்தனை மோலார். ஆக, பாட்டிலில் இருப்பது 10.14 மோலார். நார்மல் என்பது வினைபுரியும் திறனைக் கொண்டு அளப்பது. ஒரு மூலக்கூறுக்கு ஒரே ஹைட்ரஜன் கொடுக்கும் இந்த அமிலத்துக்கு மோலாரும் நார்மலும் ஒன்றுதான். ஒரு லிட்டர் 1 நார்மல் கரைசலுக்கு 98.6 மி.லி. எடுக்க வேண்டும், ஐந்து லிட்டருக்கு அதைப்போல ஐந்து மடங்கு. அளந்தேன், ஊற்றினேன், குறி வரை நீரால் நிரப்பினேன், நன்றாகக் குலுக்கினேன். பிறகு 1.06 கிராம் உலர்ந்த சோடியம் கார்பனேட்டை எடை போட்டுக் கரைத்துத் தரம் பார்த்தேன். சோடியம் கார்பனேட்டின் சமான எடை, அதாவது ஒரு லிட்டர் 1 நார்மல் அமிலத்தை முறிக்கும் எடை, 53 கிராம். ஆகவே 1.06 கிராமை முறிக்கச் சரியாக 1 நார்மல் அமிலம் 20 மி.லி. தேவை. எனக்கு 16.95-லேயே முடிந்துவிட்டது. அமிலம் வேண்டியதைவிடச் செறிவாக இருக்கிறது என்று அர்த்தம்.

சார் திரும்பி வந்தார். ராயபுரத்துக்காரர், யாரிடமும் சத்தம் போட்டுப் பேசி நான் பார்த்ததில்லை.

"இன்னா ரீடிங்?"

"16.95 சார்."

"இருபத அதால வகு."

வகுத்தேன். 1.18.

"இப்ப பாட்டில திருப்பிப் பாரு."

பாட்டிலின் பின்பக்க லேபிளில் நான் படிக்காமல் விட்ட ஒரு வரி இருந்தது. ஒப்படர்த்தி 1.18.

என் தப்பின் அளவும் அந்த லேபிளில் இருந்த எண்ணும் ஒன்றாக இருந்தன. சார் சிரித்துக்கொண்டே, "முப்பத்தேழுன்னு போட்டுருக்கான், சரி. எதுல முப்பத்தேழு?" என்று கேட்டார்.

எதில்? 100 கிராம் அமிலத்தில் 37 கிராம். 100 மி.லி.யில் அல்ல. அடர்ந்த அமிலம் தண்ணீரைவிடக் கனமானது. ஒரு லிட்டர் 1180 கிராம் இருக்கும். அதில் 37 சதவீதம் என்றால் 436.6 கிராம். அதை 36.5-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 12 மோலார். ஒரு லிட்டருக்கு எடுத்திருக்க வேண்டியது 83.6 மி.லி.தான். நான் எடுத்தது 98.6. பதினைந்து மி.லி. அதிகம்.

இந்த ஒரு கேள்வி முப்பது வருடமாக என்னோடு வருகிறது. செறிவுக் கணக்கு கஷ்டம் என்று சொல்கிறவர்களிடம் நான் சொல்வது, கணக்கு கஷ்டமே இல்லை, பெருக்கல் வகுத்தல் தெரிந்தால் போதும் என்பதுதான். மேலே உள்ள எண்ணில் பெரும்பாலும் யாரும் தப்பு செய்வதில்லை. தப்பெல்லாம் கீழே இருக்கிறது, வகுக்கும் இடத்தில். எடையிலா, கொள்ளளவிலா? கரைசலிலா, கரைப்பானிலா? தண்ணீரிலா, காற்றிலா?

சதவீதம் என்ற ஒரே சொல் எத்தனை வேடம் போடுகிறது பாருங்கள். அமில பாட்டிலில் இருப்பது எடைக்கு எடை. ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் 0.9 சதவீதம் என்பார்கள். அது கொள்ளளவுக்கு எடை, அதாவது 100 மி.லி.யில் 0.9 கிராம் உப்பு. அதை 'நார்மல் சலைன்' என்று வேறு சொல்வார்கள். எங்கள் நார்மலுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பை 58.5-ஆல் வகுத்தால் 0.154 நார்மல்தான் வரும். கொரோனா காலத்தில் வாசலுக்கு வாசல் வைத்திருந்த சானிடைசரில் போட்டிருந்த ஆல்கஹால் சதவீதம் பெரும்பாலும் கொள்ளளவுக்குக் கொள்ளளவு. மூன்றுக்கும் ஒரே குறிதான், மேலே ஒரு சுழி, கீழே ஒரு சுழி, நடுவில் ஒரு கோடு.

சார் அன்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது இன்னொன்று. தப்பான விடை வந்தால் உடனே மறுபடி செய்யாதே, முதலில் அந்தத் தப்பை வகுத்துப் பார். தப்புக்கும் முகம் உண்டு. அவரிடம் வேலை பார்த்த ஆறு வருடத்தில் அந்த முகங்கள் ஒவ்வொன்றாக அறிமுகமாயின. சரியாக இரண்டு மடங்கு வித்தியாசம் வந்தால், மூலக்கூறுக்கு இரண்டு ஹைட்ரஜன் கொடுக்கும் கந்தக அமிலத்தில் மோலாரையும் நார்மலையும் யாரோ குழப்பியிருக்கிறார்கள். பத்து மடங்கு என்றால் இடையில் ஒரு நீர்த்தலைக் கணக்கில் சேர்க்க மறந்திருக்கிறோம். ஆக்சாலிக் அமிலம் எதிர்பார்த்ததைவிடச் சோனியாக, 0.71 என்று வந்தால், படிகத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு தண்ணீர் மூலக்கூறை மறந்து, 126 என்று போட வேண்டிய இடத்தில் 90 போட்டிருக்கிறோம். அடர் கந்தக அமிலத்தில் நான் செய்த அதே தப்பைச் செய்தால் முகம் 1.84, அதன் ஒப்படர்த்தி. 98 சதவீத அமிலம் உண்மையில் 18.4 மோலார், அடர்த்தியை மறந்தவருக்கு அது 10 மோலார் போலத் தெரியும். வரும் வித்தியாசம் இந்த முகங்கள் எதிலும் சேராமல் 1.03, 0.96 என்று இழுத்தால்தான் கையிலோ கண்ணாடியிலோ கோளாறு. மனப்பாடமாகச் சமன்பாடு சொல்லத் தெரிந்த எனக்குக் கல்லூரியில் யாரும் இதைச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை, அது வேறு விஷயம்.

இன்னும் ஒன்று உண்டு. லேபிளை ஒழுங்காகப் படித்தாலும் கணக்கு கொடுப்பது ஒரு உத்தேசம்தான். திறந்த அமில பாட்டில் புகைந்து புகைந்து வலுவிழக்கும். காஸ்டிக் சோடா வில்லைகளைத் தட்டில் வைத்து எடை போடும்போதே காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்து வேர்த்துவிடும். எண்ணூர்க் கடற்காற்றில் கேட்கவே வேண்டாம், கடைசி வில்லையை வைப்பதற்குள் முதல் வில்லை பிசுபிசுக்கும். நாம் 40 கிராம் என்று எழுதுவதில் காஸ்டிக் எவ்வளவு, கடற்காற்று எவ்வளவு? அதனால்தான் சோடியம் கார்பனேட் மாதிரி நம்பகமான ஒன்றை வைத்துத் தரம் பார்க்கிறோம்.

பக்கத்துத் தெருவில் பிளஸ் ஒன் படிக்கும் பெண் ஒருத்தி சந்தேகம் கேட்க வருவாள். போன மாதம் ஒரு கேள்வியோடு வந்தாள். "அங்கிள், ஒரு லிட்டர் தண்ணில ஒரு மோல் சர்க்கரைய போட்டா ஒரு மோலார்தானே? புக்குல வேற மாதிரி போட்டிருக்கு." நான் பதில் சொல்லாமல் சமையலறைக்குக் கூட்டிப் போனேன். 342 கிராம் சர்க்கரை, அதுதான் ஒரு மோல். ஒரு லிட்டர் தண்ணீர். கரைத்தோம். என் மனைவி சர்க்கரை டப்பாவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். கரைத்ததை லிட்டர் கோடு போட்ட ஜக்கில் ஊற்றினால் கோட்டைத் தாண்டி மேலே போகிறது. மொத்தம் 1.2 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. சர்க்கரைக்கும் இடம் வேண்டுமல்லவா. ஒரு மோல் 1.2 லிட்டரில் இருந்தால் 0.83 மோலார்தான். ஆனால் தண்ணீரின் எடை ஒரு கிலோ என்பதால் மோலாலிட்டி சரியாக ஒன்று. மோலாரிட்டிக்குக் கீழே கரைசலின் லிட்டர், மோலாலிட்டிக்குக் கீழே கரைப்பானின் கிலோ. ஒரு எழுத்துதான் வித்தியாசம், பரீட்சையில் ஆயிரம் பேரை அது கவிழ்த்துவிடுகிறது. முதலில் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துவிட்டு, அப்புறம் குறி வரை நிரப்ப வேண்டும் என்பது எதற்கு என்று அவளுக்குப் புரிந்தது. எங்கள் வீட்டில் மூன்று நாள் எலுமிச்சை ஜூஸ் ஓடியது.

நார்மாலிட்டியைப் பற்றி நீளமாக எழுத எனக்கு ஆசை, படிப்பவர்களுக்கு இருக்காது. சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் காலத்துப் பிளஸ் டூ செய்முறையே கொள்ளளவை நார்மாலிட்டியால் பெருக்கும் 'வி ஒன் என் ஒன் ஈக்வல் டு வி டூ என் டூ' என்ற மந்திரத்தில்தான் ஓடியது. பெர்மாங்கனேட்டின் மூலக்கூறு எடை 158. அமிலத்தில் வேலை செய்யும்போது அதன் சமான எடை ஐந்தால் வகுத்து 31.6. நடுநிலைக் கரைசலில் மூன்றால் வகுத்து 52.7. ஒரே பாட்டில், ஒரே கரைசல், எந்த வினைக்குப் போகிறது என்பதைப் பொறுத்து அதன் நார்மாலிட்டி மாறும். அதனால்தான் உலகம் மெல்ல மோலாருக்கு நகர்ந்தது. நியாயம்தான். ஆனால் ஷிப்டுக்கு நாற்பது மாதிரி தரம் பார்க்கிற ஆளுக்கு நார்மாலிட்டி மாதிரி ஒரு சௌகரியம் கிடையாது, அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மணலிக்கு வடக்கே அத்திப்பட்டு, வல்லூர்ப் பக்கம் உப்பளங்கள் இருந்தன. இன்று அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள்தான் கண்ணில் படும். உப்பளத்தில் மோல் கிடையாது, மூலக்கூறு எடை கிடையாது. கண்ணாடி மிதவை ஒன்றைத் தண்ணீரில் விட்டு 'டிகிரி' பார்ப்பார்கள். அந்த டிகிரிக்கு போமே என்று பெயர். அந்துவான் போமே என்ற பிரெஞ்சு மருந்தாளர் 1768-இல் வகுத்த அளவு. அவர் செய்தது எளிமையான வேலை. சுத்தத் தண்ணீரில் மிதவை நிற்கும் இடம் 0. எடையில் 15 சதவீதம் உப்புள்ள கரைசலில் நிற்கும் இடம் 15. இடையில் சமமாகக் கோடு போட்டார். எதில் எவ்வளவு என்ற கேள்விக்கான பதிலை அந்த மனிதர் கண்ணாடிக் குழாயிலேயே எழுதி வைத்துவிட்டார்.

கடல்நீர் மூன்று, மூன்றரை டிகிரியில் உள்ளே வரும். வெயில் குடிக்கக் குடிக்க ஏறும். 25 டிகிரி ஆனதும் உப்பு பிடிக்க ஆரம்பிக்கும். அதற்குள் தண்ணீர் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கும். ஒப்படர்த்தி 1.2-ஐத் தாண்டியிருக்கும். 29, 30 டிகிரியானதும் மிச்சத் தண்ணீரைத் திறந்து வெளியே விட வேண்டும். இல்லையென்றால் மக்னீசியம் உப்புகளும் சேர்ந்து படிந்து, உப்பு கசக்கும், ஈரம் கட்டும். பேட்டரி மெக்கானிக் ரப்பர் குமிழ் வைத்த குழாயில் அமிலத்தை உறிஞ்சிப் பார்ப்பதும் இதே வித்தைதான். முழுதாகச் சார்ஜ் ஏறியிருந்தால் 1.28-ஐ ஒட்டி நிற்கும், இறங்க இறங்க அமிலம் ஈயத்தட்டோடு வினைபுரிந்து தீர்ந்துகொண்டே போவதால் மிதவையும் தாழும்.

இனி கொஞ்சம் பயமுறுத்தும் விஷயம். சில வருடம் முன்பு ஒரு கோடையில் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. அதன் அம்மா ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைப் பிரித்து ஒரு டம்ளரில் முழுதாகக் கொட்டிக் கலக்கிக்கொண்டிருந்தார். "ஒரு லிட்டர் எங்கண்ணா குடிக்கப் போவுது? அதான் மருந்தெல்லாம் உள்ள போவட்டும்னு ஒரே டம்ளர்ல போட்டேன்" என்றார். அந்த நியாயம் எனக்கு நன்றாகவே புரிந்தது. மருந்து அந்தப் பொடி, தண்ணீர் அதை விழுங்குவதற்கான வழி என்று அவர் நினைத்தார்.

நான் டம்ளரை வாங்கிக் கீழே வைத்தேன். உலக சுகாதார நிறுவனத்தின் 2002-ஆம் ஆண்டு வாய்பாட்டின்படி ஒரு லிட்டர் பாக்கெட்டில் இருப்பது மொத்தம் 20.5 கிராம். குளுக்கோஸ் 13.5, சாதா உப்பு 2.6, சிட்ரேட் உப்பு 2.9, பொட்டாசியம் குளோரைடு 1.5. ஒரு லிட்டரில் கரைத்தால் சோடியம் 75 மில்லிமோல். 200 மி.லி. டம்ளரில் கரைத்தால் செறிவு ஐந்து மடங்கு, லிட்டருக்கு 375. சலைன் பாட்டிலில் 0.154 என்று மேலே பார்த்தோம், அதாவது லிட்டருக்கு 154 மில்லிமோல். காசிமேட்டுக் கடலில் ஒரு டம்ளர் மொண்டால் அதில் லிட்டருக்குச் சுமார் 470 என்ற கணக்கில் இருக்கும். வயிறு காய்ந்து கிடக்கும் குழந்தைக்குக் கிட்டத்தட்டக் கடல்நீரைக் கொடுக்கப் போனார் அந்த அம்மா. அது உடம்பில் இருக்கும் தண்ணீரையும் வெளியே இழுத்துவிடும். பாக்கெட்டைக் கரண்டியால் ஐந்தாகப் பிரிக்கலாமே என்றால் அதுவும் சரிவராது, பொடியில் உப்பும் குளுக்கோஸும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு லிட்டர் முழுதாகக் கலக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, 24 மணி நேரத்துக்கு மேல் மிஞ்சினால் கொட்டிவிட வேண்டியதுதான். 200 மி.லி.க்கு என்றே சின்னப் பாக்கெட்டும் கடையில் கிடைக்கும். குழந்தை தேறிவிட்டது. அந்த அக்கா இப்போது தெருவில் மற்றவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறார், என்னைவிடச் சத்தமாக.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு எங்கள் தெருத் தொட்டிகளில் எல்லாம் வெள்ளத் தண்ணீர் இறங்கியிருந்தது. இறைத்துக் கழுவி, லாரித் தண்ணீர் பிடித்து, பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் அரைக் கிலோ பாக்கெட்டை அப்படியே கவிழ்த்தார். அவர் தொட்டி ஆறடிக்கு ஐந்தடிக்கு நான்கடி, அதாவது 120 கன அடி, கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் 3400 லிட்டர். லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் போதும் என்று வைத்தால் மொத்தம் 6.8 கிராம். நல்ல பவுடரில் மூன்றில் ஒரு பங்குதான் பயன்படும் குளோரின். ஆக 20 கிராம் பவுடர், தீப்பெட்டி நிறைய இருந்தால் அதிகம். அவர் போட்டது லிட்டருக்கு 49 மில்லிகிராம். இரண்டு நாள் அந்த வீட்டில் யாரும் பல்கூடத் தேய்க்க முடியவில்லை.

அதே மாதம் 26-ஆம் தேதி இரவு எண்ணூரில் அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பத்து ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து கண்ணெரிச்சலோடு ஓடினார்கள். அப்புறம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்த எண்கள் செய்தியில் வந்தன. காற்றில் 2090, கடலில் 49. டீக்கடையில் ஒருவர், "கடல்ல கம்மிதாம்பா" என்றார். காற்றில் சொன்னது ஒரு கன மீட்டரில் 2090 மைக்ரோகிராம். கடலில் சொன்னது ஒரு லிட்டரில் 49 மில்லிகிராம். ஒரு கன மீட்டர் என்பது ஆயிரம் லிட்டர், ஒரு மில்லிகிராம் என்பது ஆயிரம் மைக்ரோகிராம். இரண்டையும் ஒரே அலகுக்குக் கொண்டுவந்தால், ஒரு கன மீட்டர் கடல்நீரில் இருந்தது 4 கோடியே 90 லட்சம் மைக்ரோகிராம். அதற்காகக் காற்றில் இருந்தது ஒன்றுமில்லை என்றும் ஆகாது. காற்றுக்கான வரம்பு 400, கடலில் விடுவதற்கான வரம்பு 5. காற்று ஐந்து மடங்கு தாண்டியது, கடல் பத்து மடங்கு. சுவாசிப்பது வேறு, மீன் வாழ்வது வேறு, ஒன்றின் எண்ணை மற்றதன் பக்கத்தில் வைக்கவே கூடாது. பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று சொன்னாலும் இதே குழப்பம்தான். தண்ணீரில் அது எடைக்கு எடை, காற்றில் கொள்ளளவுக்குக் கொள்ளளவு. அந்த 2090 மைக்ரோகிராம் என்பது காற்றுக் கணக்கில் 3 பி.பி.எம். டீ ஆறும் வரை இதைத் தாளில் போட்டுக் காட்டினேன். அந்த மனிதர் கடைசி வரை கேட்டுவிட்டு, "அப்ப மீன் வாங்கலாமா வேணாமா?" என்றார். அதற்கு என் கணக்கில் விடை இல்லை.

1996-க்குத் திரும்புகிறேன். அன்று அந்த ஐந்து லிட்டரையும் கொட்டிவிட்டுப் புதிதாகப் போட நான் தொட்டியருகே தூக்கிக்கொண்டு போனேன். சார் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏன் கொட்ற?"

"ஒன்னு வரல சார்."

"ஒன்னுதான் வரணும்னு யார் சொன்னா? எவ்ளோன்னு தெரிஞ்சுட்டுதில்ல?"

குடுவையை வாங்கி மேசையில் வைத்தார். தாள் ஒன்றைக் கிழித்து ஒட்டினார். பேனாவை என்னிடம் நீட்டினார். நான் எழுதினேன்: ஹைட்ரோகுளோரிக் அமிலம், 1.18 நார்மல், தேதி, என் பெயர். அந்த மாதம் முழுவதும் அதை வைத்துத்தான் தரம் பார்த்தோம், ஒவ்வொரு கணக்கிலும் 1.18-ஆல் பெருக்கிக்கொண்டு.